புதியவர்களுக்கான மர விமானப் பட்டறை: வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியிலோ நூலகத்திலோ குடியிருப்பிலோ ஒரு பட்டறை வைத்து, பிள்ளைகள் தங்கள் கையாலேயே மர விமானம் செய்து பறக்கவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் விற்கும் கிட்டை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது பற்றி இங்கே பேசவில்லை. அந்த விமானத்தையே நீங்கள் வடிவமைத்து, துண்டுகள் வெட்டி, முப்பது பிள்ளைகள் முன்னால் வைப்பது பற்றித்தான் பேச்சு.

முதல் பட்டறைக்கு எந்த வகை விமானம் சரி?

கையால் எறியும் கிளைடர். மோட்டார் வேண்டாம், பேட்டரி வேண்டாம், முறுக்கிய ரப்பரால் ப்ரொப்பெல்லரைச் சுற்றும் வேலையும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு குச்சி, ஓர் இறக்கை, கிடையாக ஒரு வால், நிமிர்ந்து ஒரு வால், மூக்கில் கொஞ்சம் களிமண். இவ்வளவுதான்.

ரிமோட் விமானம் வைத்தால் கூட்டம் வரும் என்பது உண்மை. ஆனால் அங்கே பறக்கவிடுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள், பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். கிளைடரில் எறிவதும் பிள்ளை, விழுந்ததைப் பார்ப்பதும் பிள்ளை, ஏன் விழுந்தது என்று யோசிப்பதும் பிள்ளை. பட்டறை என்பதே அதற்காகத்தான்.

‘எளிமையான வடிவமைப்பு’ என்கிறார்களே, எதை வைத்து எளிமை என்று சொல்வது?

துண்டுகள் குறைவாக இருப்பது மட்டும் எளிமை ஆகாது. பிள்ளை செய்ய வேண்டிய வேலைகளை எண்ணிப் பாருங்கள். அந்த வேலைகளில் எத்தனை துல்லியம் கேட்கின்றன என்று அடுத்து எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கைதான் முக்கியம்.

அமெரிக்காவில் ‘அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்’ என்று மாதிரி விமானக்காரர்களின் தேசிய அமைப்பு ஒன்று இருக்கிறது, 1936-இல் தொடங்கியது. அங்கே பணியாற்றிய ஃபிராங்க் எலிங் வடிவமைத்த ‘டெல்டா டார்ட்’ என்ற ரப்பர் விமானத்தைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். வழக்கமான முறையில் முதலில் வரைபடத்தை மேசையில் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, குச்சிகளை ஊசியால் குத்தி ஒட்டி, காய்ந்ததும் பெயர்த்தெடுத்து, அப்புறம் மெல்லிய தாள் போர்த்த வேண்டும். புதியவர்களுக்குக் கை தடுமாறும் இடம் இந்தத் தாள் போர்த்துவதுதான். எலிங் வரைபடத்தையே அந்த மெல்லிய தாளில் அச்சடித்துவிட்டார். கோடுகள் மேலேயே குச்சிகளை ஒட்ட வேண்டியது, காய்ந்ததும் ஓரத்தை வெட்ட வேண்டியது. தாள் ஏற்கெனவே போர்த்தப்பட்டிருக்கும்! அளக்கும் வேலை இல்லை, போர்த்தும் வேலை இல்லை. தடுமாற வைக்கும் ஒரு வேலையை அவர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வடிவமைப்பிலிருந்தே எடுத்துவிட்டார். நம்முடைய கிளைடரிலும் ஒவ்வொரு படிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது பிள்ளை செய்தே ஆக வேண்டிய வேலையா, அல்லது நான் முன்கூட்டியே எடுத்துவிடலாமா?

பால்சா மரமே வேண்டுமா? நம்மூர் மரம் ஆகாதா?

இறக்கைக்கும் வாலுக்கும் பால்சாதான் நல்லது. தென் அமெரிக்கக் காடுகளின் மரம் அது, பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. நம் இலவம்பஞ்சு மரத்துக்குச் சொந்தக்கார மரம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஒரு கன சென்டிமீட்டர் பால்சா சராசரியாக 0.16 கிராம்தான் இருக்கும். மூன்று மி.மீ. பிளைவுட்டில் அதே இறக்கையை வெட்டினால் இறக்கை மட்டுமே 35 கிராமைத் தாண்டிவிடும், பால்சாவில் 5 கிராம்.

உடல் குச்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பைன் சட்டமோ, நேராகச் சீவிய மூங்கில் சிலாகையோ போதும், கனம் மட்டும் கொஞ்சம் கூடும். தென்னை ஈர்க்கு பட்டத்துக்கு அருமையான பொருள்தான், ஆனால் அது வளையும். கிளைடரின் முதுகெலும்பு வளையக் கூடாது.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அடுத்த பதிலைப் பாருங்கள். பலகையை வீணாக்காமல் அளவு வைத்தால் பால்சா கட்டுப்படியாகும்.

அளவுகளைக் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது?

கடையில் கிடைக்கும் பலகையிலிருந்து தொடங்குங்கள். பால்சா பெரும்பாலும் 10 செ.மீ. அகலத்தில், 36 அங்குலம் அல்லது 1 மீட்டர் நீளத்தில் வரும். தடிமன் 1.5 மி.மீ. எடுத்துக்கொள்வோம். அதை நீளவாக்கில் 30 செ.மீ. துண்டுகளாக்கினால் மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒரு விமானம்.

30-க்கு 10 துண்டில், 7 செ.மீ. அகலம் இறக்கைக்கு. மிச்சம் 3 செ.மீ. அகலப் பட்டை. அதில் 14 செ.மீ. வெட்டினால் கிடைவால். இறக்கையின் பரப்பு 210 சதுர செ.மீ., கிடைவாலின் பரப்பு 42. சரியாக ஐந்தில் ஒரு பங்கு. புதியவர்கள் கிளைடருக்கு இந்த விகிதம் நன்றாகவே நிற்கும். அதே பட்டையில் இன்னொரு ஐந்தரை செ.மீ. நிமிர்வாலுக்கு. மிச்சமிருக்கும் சுமார் 10 செ.மீ. பட்டையை எறிந்துவிடாதீர்கள், பழுது பார்க்க வேண்டும்.

உடல் குச்சி 32 செ.மீ. நீளம், 10 மி.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன். இறக்கையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி வரட்டும், கிடைவால் குச்சியின் கடைசி முனையில். மூக்கை இதைவிடக் குட்டையாக வைத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சமநிலைக்குக் களிமண்ணை அப்ப வேண்டிவரும். 10 செ.மீ. மூக்குக்கு 3 முதல் 4 கிராம் களிமண் போதும். குச்சியும் பால்சா என்றால், எல்லாம் சேர்த்து விமானம் 14 கிராம் அளவில் நிற்கும்.

எடையில் இவ்வளவு கறார் எதற்கு? கனமாக இருந்தால் உடையாது அல்லவா?

இந்த எண்ணம் எல்லோருக்கும் வரும், நிலைமை நேர்மாறு. விமானம் விழாமல் மிதக்க வேண்டிய வேகம் எடையைப் பொறுத்தது. நம் 14 கிராம் கிளைடர் நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் மிதக்கும். சிறுவர்கள் ஓடிப்போய் அதன் பக்கத்திலேயே வரலாம். அதே அளவில் எடையை இரட்டிப்பாக்கினால் வேகம் 1.4 மடங்கு ஆக வேண்டும். மோதும்போது தாங்க வேண்டிய ஆற்றல், எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. எடை இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கம் இரண்டு மடங்கு: ஆக, மோதல் நான்கு மடங்கு. உடையாமல் இருக்கட்டும் என்று மரத்தைக் கூட்டினால், உடைக்கும் விசை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றைப் பட்டறை மேசையில் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தாங்களாகவே எடை போட்டுப் பார்த்து, யார் விமானம் லேசு என்று போட்டி போடுவார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

நிஜ விமானம் மாதிரி இறக்கை தடிப்பாக, வளைவாக இருக்க வேண்டாமா?

வேண்டாம். இவ்வளவு சிறிய அளவிலும் வேகத்திலும் தடித்த இறக்கையைவிட மெல்லிய தட்டை இறக்கையே நன்றாக வேலை செய்யும். முன்விளிம்பை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து உருண்டையாக்கினால் போதும்.

இறக்கைகள் ‘வி’ வடிவில் மேலே சாய்ந்திருக்க வேண்டுமா? பிள்ளைகளை வைத்து அதை எப்படிச் சரியாக ஒட்ட வைப்பது?

கண்டிப்பாக வேண்டும். ஓட்டுபவர் இல்லாத விமானம் இது. காற்று ஒரு பக்கம் சாய்த்தால், தானே நிமிர்ந்துகொள்ள அந்த மேல்சாய்வுதான் உதவுகிறது. பக்கத்துக்கு 10 டிகிரி வையுங்கள். நிஜ விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அதிகமாகத் தெரியும், பரவாயில்லை. கோணம் ஒன்றிரண்டு டிகிரி தப்பினாலும் தாங்கும் அளவு அது.

ஆனால் பிள்ளைகளிடம் டிகிரி பேசக் கூடாது. பாகைமானியும் தரக் கூடாது. இறக்கையை நடுவில் வெட்டி, வெட்டிய ஓரங்களை லேசாகச் சரிவாகத் தேய்த்து, பசை தடவி, ஒரு பாதியை மேசையில் தட்டையாக வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். மறு பாதியின் நுனிக்கு அடியில் 5 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டை ஒன்று. 15 செ.மீ. நீளமுள்ள பாதியின் நுனி 5 செ.மீ. தூக்கினால் மொத்தக் கோணம் 20 டிகிரி வந்துவிடும், அதாவது பக்கத்துக்குப் பத்து. நீங்கள் முந்தின நாளே ஆளுக்கொரு கட்டை அறுத்து வைத்தால் போதும். கோணம் கட்டையில் இருக்கிறது, பிள்ளையின் கையில் இல்லை.

மூட்டின்மேல் ஒரு மாஸ்கிங் டேப் துண்டைக் குறுக்காக ஒட்டிவிட்டால் காயும் வரை நகராது. பட்டறையில் முதல் வேலையாக இதைச் செய்ய வையுங்கள். அதிக நேரம் காய வேண்டிய மூட்டு இதுதான். இது காயும் நேரத்தில் வாலை ஒட்டலாம், குச்சியைத் தேய்க்கலாம்.

இறக்கையும் வாலும் ஒரே கோணத்தில் இருந்தால் போதாதா?

போதாது. இறக்கை வாலைவிட ஒன்றரை, இரண்டு டிகிரி மூக்குப் பக்கம் தூக்கி இருக்க வேண்டும். இதைச் செய்து காட்டியவர் பிரான்சின் அல்ஃபோன்ஸ் பெனோ. 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அவர் பறக்கவிட்ட சிறிய ரப்பர் விமானம், யாரும் தொடாமல், 11 நொடி நிலையாகப் பறந்தது. வால் இறக்கையைவிடத் தாழ்ந்த கோணத்தில் இருந்ததும், இறக்கை நுனிகள் மேலே வளைந்திருந்ததும்தான் அந்த நிலைத்தன்மைக்குக் காரணம். ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது 1878-இல் அப்பா வாங்கி வந்த பறக்கும் பொம்மையும் பெனோவின் ரப்பர் முறையில் செய்ததே. நம் 14 கிராம் கிளைடர் நேராக அந்த வம்சம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கண் விரியும்.

பட்டறையில் இந்தக் கோணத்தைக் கொண்டுவர ஐஸ் குச்சி போதும். சாதாரண ஐஸ் குச்சி 2 மி.மீ. தடிமன், 1 செ.மீ. அகலம். அதில் 7 செ.மீ. வெட்டி, ஒரு முனை முழுத் தடிமன், மறு முனை ஒன்றுமில்லாமல் போகும்படி உப்புத்தாளில் தேய்த்தால் ஓர் ஆப்பு கிடைக்கும். தடித்த முனை முன்னால் வரும்படி குச்சியின்மேல் ஒட்டி, அதன்மேல் இறக்கை. 5 மி.மீ. குச்சியைவிட அகலமாக இருப்பதால் இறக்கையும் ஆடாமல் உட்காரும். ஆப்புகளை மட்டும் நீங்களே முன்கூட்டித் தேய்த்து வையுங்கள். முப்பது பிள்ளைகள் தேய்த்தால் முப்பது கோணம் வரும்.

நாரோட்டம் முக்கியமா?

மிக முக்கியம். பால்சா நார் ஓடும் திசையில் வலுவாக இருக்கும், குறுக்கே பிஸ்கட் மாதிரி ஒடியும். இறக்கையில் நார் நுனியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். கிடைவாலிலும் அப்படியே. நிமிர்வாலில் கீழிருந்து மேலே. இடம் மிச்சம் பிடிக்கக் கணினியில் துண்டுகளைத் திருப்பி அடுக்கும்போது நிமிர்வால் படுத்துவிடும். முதல் மோதலிலேயே அடியோடு பிளந்துபோகும் வால்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒவ்வொரு துண்டிலும் நார் எந்தத் திசை என்று ஓர் அம்பு போட்டுவிடுங்கள்.

லேசரில் வெட்டலாமா, கையால் வெட்டலாமா?

முப்பது பேருக்கு லேசர் வசதிதான். ஆனால் ஒன்று: லேசர் இருக்கிறதே என்று துண்டுகளில் பொருத்துபள்ளம் போட்டு, கோணங்களை அந்தப் பள்ளத்தை நம்பி விடாதீர்கள். 1.5 மி.மீ. என்று வாங்கும் பலகை ஒரு கட்டில் 1.4 இருக்கும், அடுத்த கட்டில் 1.7 இருக்கும். பள்ளம் ஒன்றில் தொளதொளக்கும், இன்னொன்றில் நுழையவே நுழையாது. பிள்ளை அழுத்தும், மரம் பிளக்கும். தட்டையாக ஒட்டும் மூட்டுகளே நல்லது.

என் விருப்பம் நேர்க்கோட்டு வடிவம். வளைவே இல்லாத இறக்கையை ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து இரண்டு பேர் ஒரு மாலையில் வெட்டிவிடலாம். கட்டரை ஒரே அழுத்தில் இழுக்காமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் கையில் கட்டர் தேவையில்லை, உப்புத்தாள் போதும்.

எந்தப் பசை?

வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை. மூட்டுக்கு மிளகளவு. பிள்ளைகளின் கைக்கு அது போதாது போலத் தோன்றும், பிழிந்துகொண்டே இருப்பார்கள். அதிகப் பசை இருந்தால் எடையும் கூடும், அதிலுள்ள தண்ணீர் மெல்லிய பலகையை முறுக்கியும் விடும். பாட்டிலைக் கையில் தராமல் மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஒரு பல்குத்தும் குச்சி கொடுத்தால் அளவு தானாகக் குறையும்.

ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசை உங்கள் சட்டைப்பையில் மட்டும் இருக்கட்டும், அவசரப் பழுதுக்கு. விரலும் விரலும் ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். பருத்தித் துணியில் பட்டால் சூடாகித் தோலைச் சுடும் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் போட்டிருப்பது பெரும்பாலும் பருத்திச் சீருடை.

சமநிலையை எப்படிப் பார்ப்பது?

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 முதல் 2.5 செ.மீ. பின்னால், இரண்டு பக்கமும் பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்துத் தூக்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும், மூக்கு தாழ்ந்தால் கிள்ள வேண்டும். புள்ளியை நீங்களே முன்கூட்டி வைத்துவிடாதீர்கள். அளந்து வைப்பது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும். இது எடுத்துவிடக் கூடாத வேலை, விமானம் ஏன் பறக்கிறது என்பது விரல் நுனியில் தெரியும் இடம் இதுதான்.

களிமண் என்றால் காயாத பொம்மைக் களிமண். சாதாரண மண் காய்ந்து உதிரும்.

எறிந்தால் சரியாகப் பறக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் எறியும் முறையைப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கல் எறிவதுபோல மேல்நோக்கி வீசுவார்கள். தோள் உயரத்தில் குச்சியைப் பிடித்து, எதிரே இருபதடி தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, நேராகத் தள்ளிவிடச் சொல்லுங்கள். சரியாக அமைந்த விமானம் 6 முதல் 8 மீட்டர் வழுக்கிக்கொண்டு போய் வயிறு தரையில் பட இறங்கும்.

அப்புறம் திருத்தம். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, தொப்பென்று குத்தி, மறுபடி தூக்கினால் மூக்கில் எடை போதவில்லை. மிளகளவு களிமண் சேர்த்து மறுபடி எறியுங்கள். நேராகத் தரையில் போய்க் குத்தினால் களிமண் அதிகம், கிள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்துக்கு இழுத்தால், விமானத்தை வாலின் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஒரு பக்க இறக்கை முறுக்கியிருக்கும், அல்லது நிமிர்வால் கோணலாக இருக்கும்.

முறுக்கலை எடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். முறுக்கிய இடத்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல ‘ஹா’ என்று நீளமாக ஊதி, அந்தச் சூடும் ஈரமும் இருக்கும்போதே எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்துப் பத்து எண்ணும் வரை பிடித்தால் மரம் அப்படியே நிற்கும். இதைச் செய்து காட்டும்போது மொத்த அறையும் அமைதியாகிவிடும். மூச்சுக்காற்றில் மரம் வளைகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் கறாராக வேண்டும்: ஓர் எறிதலுக்கு ஒரு மாற்றம். களிமண்ணையும் சேர்த்து வாலையும் வளைத்து எறிந்தால், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு சீட்டில் ‘என்ன மாற்றினேன், என்ன ஆனது’ என்று எழுத வைத்தால் இன்னும் நல்லது.

எங்கே பறக்கவிடுவது? மொட்டை மாடி சரியா?

மொட்டை மாடி கூடவே கூடாது. விமானத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பின்னால் நடப்பார்கள்.

புல்தரை நல்லது, காற்றில்லாத கூடம் அதைவிட நல்லது. முகத்தில் காற்றுப் பட்டு, மரத்தில் இலை சலசலத்தால் காற்று ஏற்கெனவே நொடிக்கு 2 அல்லது 3 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. நம் விமானத்தின் வேகமே 4 மீட்டர்தான். அந்தக் காற்றில் திருத்தம் செய்வது வீண், விமானத்தின் குறையா காற்றின் வேலையா என்று பிரிக்க முடியாது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் கடற்காற்று ஏறுவதற்குள், காலையிலேயே பறக்கவிட்டு முடித்துவிடுங்கள். ஆடி மாதத்தில், குறிப்பாகக் கோவை, தென்காசிப் பக்கம் என்றால் பள்ளியின் கூட்ட அரங்கைக் கேட்டு வாங்குவதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பால்சா ஈரம் குடித்து நெளியும். வெட்டிய துண்டுகளை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், மேலே கனம் வைத்துத் தட்டையாகப் பாதுகாக்க வேண்டும்.

எவ்வளவு நேரம், எத்தனை பேர்?

இரண்டரை மணி நேரம் வையுங்கள், அதில் கடைசி ஒரு மணி நேரம் முழுக்கப் பறக்கவிடுவதற்கு. கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போய், கடைசிப் பத்து நிமிடத்தில் ‘சரி, வீட்டில் போய்ப் பறக்கவிடுங்கள்’ என்று அனுப்பும் பட்டறைகள் நிறைய நடக்கின்றன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். திருத்தாத கிளைடர் வீட்டில் இரண்டு முறை குத்தி விழும், பீரோ மேல் போய்விடும். பிள்ளையின் மனதில் பதிவது ‘என் விமானம் பறக்கவில்லை’ என்பதுதான். நேரம் போதவில்லை என்றால் கட்டும் வேலைகளைக் குறையுங்கள், பறக்கும் நேரத்தைத் தொடாதீர்கள்.

ஆறு அல்லது எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உதவியாளர் இருந்தால் நிம்மதி. பக்கத்துக் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் விசாரியுங்கள். அவர்களுக்கு ஏரோமாடலிங் பயிற்சி உண்டு, இதுபோன்ற வேலைக்கு ஆர்வமாக வருவார்கள். உதவியாளர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: பிள்ளையின் கையிலிருந்து விமானத்தை வாங்கிச் செய்து கொடுக்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு விமானத்தை வைத்துச் செய்து காட்டலாம்.

வர்ணம் பூசலாமா?

பெயின்ட் வேண்டாம், கனம். ஸ்கெட்ச் பேனா போதும். அதுவும் ஒட்டுவதற்கு முன்னால், பலகை தட்டையாக இருக்கும்போதே. பெயர் எழுத இடம் விடச் சொல்லுங்கள், முப்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

வடிவமைப்பு தயார் என்று எப்போது சொல்லலாம்?

நீங்கள் கட்டிய விமானம் பறந்தால் அது தயார் என்று அர்த்தமில்லை. உங்கள் கை பழகிய கை. வேண்டுமென்றே கோணலாக ஒன்று கட்டிப் பாருங்கள்: இறக்கையை 3 மி.மீ. பின்னால் தள்ளி ஒட்டுங்கள், நிமிர்வாலைக் கொஞ்சம் சாய்த்து ஒட்டுங்கள், பசையை இரண்டு மடங்கு போடுங்கள். அதையும் களிமண்ணும் மூச்சுக்காற்றும் கொண்டு திருத்திப் பறக்கவைக்க முடிந்தால் வடிவமைப்பு பட்டறைக்குத் தகும். முடியவில்லை என்றால் மேல்சாய்வைக் கூட்டுங்கள், அல்லது உடல் குச்சியை நீட்டி வாலை இன்னும் பின்னால் கொண்டுபோங்கள்.

அடுத்து, இதைப் பார்த்தே இராத ஒரு பிள்ளையை உட்காரவைத்து, நீங்கள் வாய் திறக்காமல் குறிப்புத்தாளை மட்டும் கொடுங்கள். எந்த இடத்தில் உங்களை நிமிர்ந்து பார்க்கிறதோ, அந்த இடத்தில் குறிப்பு சரியில்லை, அல்லது அந்தப் படியே தேவையில்லை. வாலை இடம் மாற்றி ஒட்டுவதும், ஆப்பைத் திருப்பி வைப்பதும் அடிக்கடி நடக்கும். ஆப்பின் தடித்த முனையில் சிவப்புக் கோடு, குச்சியில் அது உட்காரும் இடத்திலும் சிவப்புக் கோடு என்று வைத்தால் ஒரு பக்கக் குறிப்பு மிச்சம்.

ரப்பர் விமானத்துக்கு எப்போது போகலாம்?

கிளைடரைத் தானாகத் திருத்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது பட்டறையாக வையுங்கள். இறக்கையை 40 செ.மீ. ஆக்கி, மூக்கில் 15 செ.மீ. பிளாஸ்டிக் ப்ரொப்பெல்லர், குச்சியின் பின்பகுதியில் ஒரு கம்பிக் கொக்கி, நடுவில் 3 மி.மீ. பட்டை ரப்பர் வளையம். ப்ரொப்பெல்லர் சுற்றும்போது விமானத்தை எதிர்ப்பக்கம் உருட்டவும், மூக்கை மேலே தூக்கவும் பார்க்கும். அதனால் ப்ரொப்பெல்லரின் அச்சு கொஞ்சம் கீழ்நோக்கியும், கொஞ்சம் வலப்பக்கமாகவும் இருக்க வேண்டும். முதல் பறப்புக்கு நூறு சுற்றுக்கு மேல் வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

சாதாரண ரப்பர் பேண்டை முடிச்சுப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். மாதிரி விமானத்துக்கென்றே விற்கும் பட்டை ரப்பர் அதைவிட அதிக ஆற்றல் தேக்கும். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது, மூடிய டப்பாவில் இருட்டில் வைக்க வேண்டும்.

உடைந்துபோனால்?

உடையும், பட்டறையிலேயே உடையும். அதனால் ஒரு மூலையில் ‘ஆஸ்பத்திரி’ மேசை போட்டுவிடுங்கள்: மாஸ்கிங் டேப், உங்கள் கையில் உடனடிப் பசை, வெட்டும்போது மிச்சமான அந்த 10 செ.மீ. பட்டைகள். பால்சா ஒடிந்த இடம் கரடுமுரடாக இருக்கும், அதைத் தேய்த்து மழமழப்பாக்கக் கூடாது. ஒடிந்தபடியே சேர்த்தால் நாரும் நாரும் கோத்துக்கொண்டு பழைய இடத்திலேயே உட்காரும். ஒரு சொட்டுப் பசை விட்டு, அடிப்பக்கம் ஒரு சிறு பட்டையை நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டினால் பழுது முடிந்தது. ஒட்டிய பிறகு சமநிலையை மறுபடி விரலில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பட்டைக்கும் எடை உண்டு. வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு மிச்சப் பட்டையும் சுண்டைக்காய் அளவு களிமண்ணும் கொடுத்து அனுப்புங்கள்.